வீட்டுத் தோட்டமும் தாதுப் பொடிகளும்

(விவசாயச் செயல்விளக்க உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதுவது)

வீட்டுக் கொல்லையில் கறிகாய் பயிரிடுவோர் தொகை சில வருஷங்களாகப் பெருகி வருகின்றது. இது சந்தோஷிக்கத்தக்க விஷயமே. ஆனால் அத்துடன் கூடவே மற்றொரு வழக்கமும் பரவி வருகின்றது. செடி சற்று வாடினாலும், காய் சற்றுச் சிறுத்தாலும், கடையிலிருந்து ஏதேனும் ஒரு பொடியை வாங்கி வந்து வேரடியில் இடுவதே அவ்வழக்கம். சுண்ணாம்பு, ஜிப்சம், எலும்புத் தூள், பாறைப் பாஸ்பேட், பேதி உப்பு, வெண்காரம், முட்டை ஓட்டுத் தூள் என்று இவற்றின் ஜாபிதா நீளுகின்றது. "இவை இயற்கையான வஸ்துக்கள், பிரயோஜனம் இல்லாவிடினும் கெடுதல் இல்லை" என்பது வாங்குவோர் சொல்லும் சமாதானம். இவ்வெண்ணம் தவறு என்பது என் அபிப்பிராயம். இதை நான் புத்தகத்தால் மாத்திரம் அறிந்தவனல்லன். பிறர் கொல்லையைக் கெடுத்து அறிந்தவன்.

நான் செய்த பிழை

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், டிப்ளமா பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே கணவரை இழந்த ஓர் அம்மாள், வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியவற்றைப் பயிரிட்டு, தம் குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை அண்டை வீடுகளுக்கு விற்று வந்தார். அந்த வருஷம் தக்காளிக் காய்களின் அடிப்புறம் கறுத்து, குழி விழுந்து அழுகிற்று. என்னை அழைத்துக் காட்டினார்.

காயின் அடிப்புறம் இவ்வாறு கறுப்பது, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அஃதாவது கால்சியம், போதாமையால் என்று நான் வகுப்பில் படித்திருந்தேன். என் பையில் சுண்ணாம்பு இடுதலைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றும் இருந்தது. அது மலைநாட்டு உருளைக்கிழங்கு நிலங்களுக்கென எழுதப்பட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. அதிற் கண்ட அளவை அரை சென்டுக்குக் கணக்கிட்டு, நீற்றிய சுண்ணாம்பு 10 கிலோ இடும்படி சொன்னேன். அவரும் அவ்வாறே செய்தார்.

இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி சென்றபோது, செடிகளின் கொழுந்திலைகள் யாவும் வெளுத்து, நரம்புகள் மாத்திரம் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. வேலியோரத்துச் செம்பருத்தியும் மஞ்சளித்து நின்றது. "தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன், செடிக்கெல்லாம் சோகை பிடித்துவிட்டதே" என்றார் அந்த அம்மாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுவே எனக்கு அதிக வருத்தத்தை உண்டாக்கிற்று. அக்கொல்லை பழைய நிலைக்கு ஒருவாறு திரும்ப நான்கு வருஷங்கள் ஆயின. அதுவரை அவர் கறிகாயை விற்கவில்லை, விலைக்கு வாங்கினார்.

நேர்ந்தது யாதெனில், கரிசல் மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைவே இல்லை. வெட்டிப் பார்த்தால் அடியில் சுக்கான் கல் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும். காய்க்குச் சுண்ணாம்பு போதாமற் போனது, மண்ணில் அது இல்லாமையால் அன்று. நீர் ஒழுங்காகக் கிடைக்காமையால். கால்சியம் வேரிலிருந்து நீரோடு கலந்தே மேலே செல்வது. ஐந்து நாட்களுக்கு ஒரு முறை வெள்ளமாகப் பாய்ச்சி, இடையில் காயவிட்டால், செல்லும் நீரை இலைகளே இழுத்துக்கொள்ளும். காய்க்குப் பங்கு வராது. அந்த ஊரில் தண்ணீர் முறை வைத்தே கிடைத்தது. வேரடியில் சருகோ வைக்கோலோ பரப்பி, இருந்த நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி விடச் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக, இருந்த சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பைக் கொட்டச் செய்தேன். க்ஷாரம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாதபடி இறுகிவிடும். இலையின் பச்சைக்கு இரும்பு அவசியம். ஆகவே கொழுந்து வெளுத்தது.

இட்டதை எடுக்க இயலாது

தழைச்சத்து உரத்தை அதிகமாக இட்டுவிட்டால் சில தடவை நீர் பாய்ச்சிக் கரைத்து விடலாம்; ஒரு மழைக் காலத்தில் அது பெரும்பாலும் போய்விடும். சுண்ணாம்பு அப்படிப்பட்டதன்று. அது மண்ணோடு தங்கிவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணின் எடை ஏறக்குறைய 200 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் இருந்தால் அதன் எடை 2 கிலோ. இதைக் கந்தகம் இட்டுப் போக்க வேண்டுமாயின், 100 பங்கு சுண்ணாம்புக்கல்லுக்கு 32 பங்கு கந்தகம் வேண்டும்; எனவே சதுர மீட்டருக்கு 640 கிராம். ஒரு சென்ட் இடம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதற்கு 26 கிலோ கந்தகம் ஆகும். இது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மாத்திரம். சுண்ணாம்பு ஐந்து பங்கு உள்ள மண்ணுக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம். எந்தக் குடும்பம் இச்செலவைத் தாங்கும்? ஆகையால்தான், தாதுப் பொடியை மருந்தாக எண்ண வேண்டுமேயன்றி உணவாக எண்ணலாகாது என்கிறேன். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பார் இல்லை.

எந்த மண்ணுக்கு எது

தாதுப் பொடிகளே வேண்டாமென்பது என் கட்சியன்று. உரிய இடத்தில் அவற்றுக்கு ஈடில்லை.

நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களில் மிகுந்த மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு போய்விடுவதால் மண் புளித்துப் போகின்றது. அங்கே சுண்ணாம்போ, மக்னீசியமும் சேர்ந்த டாலமைட்டோ இடுவது அவசியமே. அதிலும் வகையறிந்து இட வேண்டும். 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலையை 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் செய்துவிடும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொண்டால் வேர் வெந்து போகும். சுண்ணாம்பையும் தொழு உரத்தையும் ஒரே நாளில் கலந்து இடலாகாது. உரத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடியே அதற்குச் சாட்சி.

ஜிப்சம் என்பதும் சுண்ணாம்பும் ஒன்றே என்று பலர் நினைக்கின்றனர். இரண்டிலும் கால்சியம் உண்டு என்பது மெய். ஆனால் தொழில் வேறு. சுண்ணாம்பு புளிப்பைப் போக்கும். ஜிப்சம் புளிப்பைப் போக்காது. களர் மண்ணில் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தைப் பெயர்த்து, அவ்விடத்தில் கால்சியத்தை அமர்த்துவதே ஜிப்சத்தின் வேலை. பெயர்ந்த சோடியம் நல்ல நீரோடு வடிந்து போக வேண்டும். வடிகால் இல்லாத கொல்லையில் ஜிப்சம் இட்டால் உப்பு வேரடியிலேயே தங்கிவிடும். களர் இல்லாத மண்ணில் ஜிப்சத்துக்கு உள்ள முக்கியமான உபயோகம் நிலக்கடலைக்கு. மண் அணைக்கும் சமயத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ, அஃதாவது சென்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், இடுவது நம் பக்கத்தில் வழக்கம். கொல்லையில் கடலை போடுவோர் அதைக் கைக்கொள்ளலாம்.

எலும்புத் தூளும் பாறைப் பாஸ்பேட்டும் மணிச்சத்துக்காக இடப்படுபவை. இவற்றிலுள்ள சத்து புளித்த மண்ணில்தான் மெல்லக் கரையும். கரிசலிலும், சுண்ணாம்பு மிகுந்த மற்ற மண்ணிலும் இட்டது இட்டபடியே பல வருஷம் கிடக்கும். இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தால் பக்குவம் செய்து சூப்பர் பாஸ்பேட் ஆக்கும் முறைக்கு 1842இல் காப்புரிமை பெற்றார். நம் இராணிப்பேட்டையில் 1906இல் அவ்வுரத்துக்குத் தொழிற்சாலை ஏற்பட்டது. எல்லா மண்ணும் எலும்பைத் தானே கரைத்துக் கொடுக்குமாயின், அமிலத்தின் உதவியை நாடியிருக்க வேண்டுவதில்லை.

அடுப்புச் சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு; சுண்ணாம்பும் உண்டு. நம் பெரியோர் அதைக் குப்பைக் குழியில் சாணத்தோடு சேர்த்து, சிறிது சிறிதாக நிலத்துக்குக் கொண்டு போயினர். இன்று பல வீடுகளில் விறகடுப்பு இல்லை. சாம்பல் என்று விலைக்கு வருவது பெரும்பாலும் ஆலைகளில் எரிந்த உமிச் சாம்பல். அதில் மிகுதியாக உள்ளது மணற்சத்தாகிய சிலிகாவே, சாம்பல் சத்து சொற்பம். பிளாஸ்டிக் முதலிய குப்பையை எரித்த சாம்பலைக் கொல்லைக்குள் கொண்டு வருவதே கூடாது.

புது வீட்டுக் கொல்லையும் கிணற்று நீரும்

வீட்டுத் தோட்டம் போடுவோர் பலர் கவனியாத விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, கொல்லை மண் என்பது வயல் மண் அன்று. வீடு கட்டும்போது சிந்திய சிமெண்டு, இடித்த காரை, செங்கல் தூள் யாவும் அங்கேதான் புதைந்திருக்கும். சிமெண்டிலும் காரையிலும் சுண்ணாம்பே பிரதானம். செம்மண் பூமியிற் கூட, சுவரோரம் வைத்த செடி மஞ்சளித்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, நாம் இறைக்கும் நீர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகின்றதே, அது சுண்ணாம்புதான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரை, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் விட்டால், அரை கிராம் கால்சியம் மண்ணில் சேர்கின்றது. ஒரு கோழி முட்டையின் ஓட்டில் உள்ள கால்சியம் ஏறக்குறைய 2 கிராம். ஆகவே நான்கு நாட்களுக்கு ஒரு முட்டை ஓடு வீதம், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நீரே கொண்டு வந்து கொடுக்கின்றது. முட்டை ஓட்டைப் போலன்றிக் கரைந்த ரூபத்திலேயே கொடுக்கின்றது. இப்படி நீர் பாயும் கொல்லையில் முட்டை ஓட்டைச் சேகரித்து அரைத்து இடுவது வீண் சிரமம்.

சிறிதே வேண்டும் சத்துக்கள்

இரும்பு, துத்தநாகம், போரான் முதலியவை செடிக்கு மிகச் சொற்பமாகவே வேண்டும். கொழுந்து வெளுத்த செடிக்கு அன்னபேதியை மண்ணில் இட்டால், சுண்ணாம்பு மண்ணில் அது உடனே துருவாகிப் பயனற்றுப் போகும். லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் இலையின் இரு புறமும் நனையத் தெளித்து, பத்து நாட்களுக்குப் பின் மறுபடி தெளிக்க வேண்டும். அன்னபேதி இளம் பச்சை நிறமாயிருக்க வேண்டும். செம்பழுப்பாக மாறியது கெட்டுப்போன சரக்கு. மேலே சொன்ன அம்மாளின் செடிகளை நான் பிழைக்க வைத்தது இதனாலும், வருஷந்தோறும் சேர்த்த தொழு உரத்தாலுமே.

வெண்காரத்தில் எச்சரிக்கை மிக வேண்டும். ஹெக்டேருக்கு 10 கிலோ என்பது சாதாரண அளவு. சென்டுக்கு 40 கிராம், சதுர மீட்டருக்கு ஒரே கிராம். வீட்டுத் தோட்டக்காரர் கை நிறைய அள்ளிப் போடுவது இதைப் போல் பல பத்து மடங்கு ஆகும். போரான் குறைவுக்கும் மிகுதிக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. மிஞ்சினால் இலையோரம் தீய்ந்து செடி மடியும். துத்தநாக சல்பேட்டும் சென்டுக்கு 100 கிராமுக்கு மேற்பட வேண்டியதில்லை. பேதி உப்பு மக்னீசியக் குறைவுக்கு மாத்திரமே மருந்து. அக்குறைவு முதிர்ந்த இலைகளில் முதலில் தோன்றும். கொழுந்தில் தோன்றும் வெளுப்புக்கு அதைத் தெளிப்பவர் வேறு நோய்க்கு வேறு மருந்து கொடுக்கின்றார்.

மேற்கண்ட 40 கிராமையும் 100 கிராமையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கத்தரி, தக்காளி முதலிய பயிர்களுக்கு மட்கிய தொழு உரம் ஹெக்டேருக்கு 25 டன், அஃதாவது சென்டுக்கு 100 கிலோ இட வேண்டும். நம் கொல்லைகளில் குறைவாயிருப்பது பெரும்பாலும் இதுவே. உஷ்ணப் பிரதேசத்தில் மண்ணிலுள்ள மட்கு சீக்கிரம் எரிந்து போகின்றது. கோயம்புத்தூரில் 1909இல் நிரந்தர உரப் பரிசோதனை துவக்கப்பட்டது. அதே ஊரில் 1972இல் துவக்கப்பட்ட மற்றொரு நீண்டகாலப் பரிசோதனையில், தாது உரங்களோடு தொழு உரமும் சேர்த்து இட்ட பாத்திகளே மேலான விளைவைத் தந்தன. தாது தனித்து நிற்காது என்பதே இதன் பாடம். அனுமதி பெற்று எடுத்த குளத்து வண்டல், உவர் இல்லாததாயின், மணற்பாங்கான கொல்லைக்கு மிக நல்லது. நம் முன்னோர் அறிந்த தாது உரம் அதுவே.

எப்படி அறிவது?

செலவில்லாத சோதனைகள் இரண்டு உண்டு. காய்ந்த மண் சிறிது எடுத்து, எலுமிச்சம்பழச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அம்மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக உண்டு. இன்னும் இட வேண்டாம். பொங்காவிட்டால் மண் புளித்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஆய்வு வேண்டும் என்று மாத்திரமே பொருள். அடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் மழை நீர் விட்டு அதில் மெல்ல இட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். கட்டி கரைந்து நீர் பால் போலக் கலங்கித் தெளியாமலிருந்தால் களர் என்று சந்தேகிக்கலாம்.

நிச்சயமாக அறிய மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சுவரோரம், எருக்குழி, சாம்பல் கொட்டிய இடம் ஆகியவற்றை விலக்கி, ஐந்தாறு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில எழுத்தாகிய 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கத்து மண்ணை மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாகச் சீவி எடுத்துக் கலந்து, அரை கிலோ வரும்படி குறைத்து, நிழலில் உலர்த்தி அனுப்புக. நீரின் மாதிரியையும் உடன் அனுப்புவது உத்தமம்.

மூவருக்கு வேண்டுகோள்

இங்கே எங்கள் இலாகாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய அரசார் 2015இல் மண்வள அட்டைத் திட்டத்தைத் துவக்கினர். அதில் மாதிரி எடுக்க வகுத்த கட்டம் நஞ்சை முதலிய பாசன நிலங்களில் இரண்டரை ஹெக்டேர், மானாவாரியில் பத்து ஹெக்டேர். வயல்களுக்கு இது ஏற்றதாயிருக்கலாம். ஆனால் அரை சென்ட் கொல்லை அக்கட்டத்துக்குள் காணாமற் போய்விடும். அடுத்த வயலின் அட்டையைக் கொண்டு காரை புதைந்த கொல்லைக்கு யோசனை சொல்வது, அடுத்த வீட்டுக்காரரின் நாடியைப் பார்த்து நமக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும். வீட்டுத் தோட்டம் சிறிதாயிருக்கலாம். அதை நம்பி அடுப்பேற்றும் குடும்பத்துக்கு அது சிறிதன்று. ஆகவே கொல்லை மண்ணையும் வயல் மண்ணைப் போலவே பாவித்துச் சோதித்துத் தருவதும், நாம் வெளியிடும் ஒவ்வொரு பிரசுரத்தின் முதல் வரியிலும் "இது இன்ன மண்ணுக்கு, இன்ன மண்ணுக்கு ஆகாது" என்று அச்சிடுவதும் நம் கடமை. என் பையிலிருந்த பிரசுரத்தில் அவ்வரி இருந்திருந்தால், ஒரு கொல்லை தப்பியிருக்கும்.

பொடி விற்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். "செடிகளுக்கெல்லாம் சிறந்தது" என்று மாத்திரம் பையின்மேல் போடுவது நியாயமன்று. உள்ளே இருப்பது இன்னது, நூற்றுக்கு இன்ன பங்கு சத்து, சென்டுக்கு இன்ன அளவு, ஆகாத மண் இன்னது என்ற நான்கையும் தமிழில் அச்சிடுவது அவர்கள் வியாபாரத்துக்கும் கௌரவமே.

வீட்டுத் தோட்டக்காரர்களாகிய வாசகர்களுக்குச் சொல்லுவது இதுவே. அடுத்த முறை இலை வெளுத்தால் கடைக்குப் போகுமுன் கொல்லைக்குப் போங்கள். வெளுத்தது கொழுந்தா, முதிர்ந்த இலையா என்று பாருங்கள். நீர் ஒழுங்காகக் கிடைக்கின்றதா என்று விரலால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மட்கு சேர்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுங்கள். இவை மூன்றாலும் விளங்காவிட்டால் மண்ணை அனுப்பிச் சோதித்து, அதில் இன்னது குறைவென்று கண்ட பிறகு, அந்த ஒன்றை, கண்ட அளவில், நிறுத்து இடுங்கள். குறைந்திருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூடியதை எடுக்க நம்மிடம் உபாயம் இல்லை. நான்கு வருஷம் கறிகாயை விலைக்கு வாங்கிய அந்த அம்மாளிடம் நான் கற்ற பாடம் இது. வேறொருவர் தம் கொல்லையைக் கொடுத்து இதைக் கற்க வேண்டாமென்பதே என் கோரிக்கை.